ஒரு சொட்டும் சிந்தாத மூடி

அன்பு மகள் ஐலிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஹெல்மி எழுதுவது. இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், கூரையும் இந்தக் குளிருக்குத் தாங்கும். அந்த அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளை ஃபிளாய்டும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் காலையில் நினைத்துக்கொள்கிறேன். போன மாதம் நீ போட்ட கடிதத்தை ஹெல்மி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள், முதல் தடவையிலேயே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, இரண்டாவது தடவை கோபப்படுவதற்காகக் கேட்டேன். ரெய்னோ மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இந்த வருஷம் உங்களை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்களாம், அதுவும் இல்லையென்றால் அங்கே தனியாக இருந்து என்ன செய்யப் போகிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள், அறை தயார் என்று எழுதியிருந்தாய். அதற்கான பதிலைத்தான் இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகக் கேள்.

உன் மாமன் சும்மா சொல்லவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். காட்டிலுள்ள நம் வேட்டைக் குடிலின் சட்டம் உனக்குத் தெரியும், விடிவதற்கு முன்னால் அவனவன் தன் கோப்பையை நெருப்பில் வைத்துத் தன் காபியைத் தானே காய்ச்சி, தானே தூக்கிக்கொண்டு மான் சுட மரத்தில் கட்டிய தன் மேடைக்குப் போய் மத்தியானம் வரை அசையாமல் உட்கார வேண்டும், ஒருவனுக்கு இன்னொருவன் தூக்கிக் கொடுப்பது கிடையாது. போன வருஷம் பாதி வழியிலேயே என் கை ஆடி முக்கால் கோப்பை கொட்டிப் போனது. வெறுங்கோப்பையோடு அந்தக் குளிரில் உட்கார மனசில்லாமல் திரும்பி வந்தேன், அந்தக் காலடிச் சத்தத்தில் ரெய்னோ குறி வைத்திருந்த பெரிய கொம்பன் மான் ஓடியே போய்விட்டது. துப்பாக்கியைக் கட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டால் என் கை கல் மாதிரி நிற்கும், அது அவனுக்கும் தெரியும், எதையாவது தூக்கிப் பிடிக்கும்போதுதான் இந்த நடுக்கம். செப்டம்பரில் வந்து உட்கார்ந்து, "மச்சான், தன் கோப்பையத் தானே தூக்க முடியாதவருக்கு மேடை எதுக்கு? இந்த வருஷம் வீட்டுல இருங்க" என்றான். உன் அம்மாவின் தம்பி என்பதால் அவனை அடிக்கவில்லை.

கை ஆடத்தான் ஆடும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் மூடி இருந்தால் எப்படிக் கொட்டும்? அந்தத் தகரக் கோப்பை உனக்கு நினைவிருக்கும், மரம் வெட்டப் போன காலத்திலிருந்து என் இடுப்பில் தொங்கியது, முப்பது வருஷ அடியில் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை மாதிரி ஆகிவிட்டது. பெரிய காபித்தூள் டப்பாவின் அடித்தகட்டை வெட்டியெடுத்து, கோப்பையைக் கவிழ்த்து ஆணியால் கோடு கீறித் தட்டையாக ஒரு மூடி செய்தேன். பார்க்க அழகு, அடுப்பில் வைத்துக் கொதி வந்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு காபியெல்லாம் வழிந்தது, கையில் எடுத்து நாலு எட்டு வைத்தேன், வழுக்கிக்கொண்டு போய்க் கோழித் தொட்டியில் விழுந்தது. மூடி விளிம்பைக் கவ்வ வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. கவ்வ வேண்டுமானால் கோப்பையின் வாயிலேயே தகட்டை வைத்துத் தட்டி மடிக்க வேண்டும், வெறுங்கோப்பைமேல் தட்டினால் கோப்பை நசுங்கும். அதனால் கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் பின்வாசல் படியில் இரவு முழுக்க வைத்தேன், உறைந்துவிட்டால் உள்ளே பட்டறைக் கல் மாதிரி தாங்குமே.

இந்த இடத்தில் உன் அப்பன் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. எழுபத்தாறு வருஷம் ஐஸிலும் பனியிலுமே கிடந்தவன், தண்ணீர் உறைந்தால் மேலே எழும்பும் என்பதை மறந்து விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் கோப்பைக்கு மேலே பன்ரொட்டி மாதிரி ஐஸ் உப்பி நிற்கிறது. மறுபடி உறைய வைக்கப் பொறுமை இல்லை, வேட்டைத் திறப்பு நாளுக்கு மூன்றே நாள். ஆனது ஆகட்டும் என்று இரண்டாவது டப்பாவிலிருந்து ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, ஓரத்தில் சுற்றிலும் கீறிவிட்டு, மரச்சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டி விளிம்புக்குக் கீழே மடித்தேன். சுத்தியைப் பிடித்தால் கை ஆடத்தான் செய்தது, பத்து அடியில் நாலு என் கட்டைவிரலுக்கு. தகடும் ஐஸ் உப்பின மாதிரியே உப்பிக்கொண்டது. வெந்நீரில் வைத்து ஐஸைக் கழற்றி, அரம் போட்டு, மேலே ஒரு கம்பி வளையம், ஆவி போக ஓர் ஆணி ஓட்டை, அவ்வளவுதான். ஹெல்மி வந்து பார்த்துவிட்டு, "என்ன ஆர்வோ, கோப்பைக்குத் தொப்பி தச்சிருக்கீங்க?" என்று கேட்டாள், இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். சிரித்தவளை வைத்துக்கொண்டே காய்ச்சினேன் ஐலி. நுரை பொங்கி எழும்பியது, அந்த உப்பலுக்குள்ளேயே போய் முட்டி மறுபடி உள்ளேயே விழுந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை! தட்டையாகச் செய்திருந்தால் ஓட்டை வழியே பீறிட்டிருக்கும். அவள் சிரிப்பு நின்றது, நான் தொடங்கினேன்.

திறப்பு நாள் விடியலில் கூப்பிடாமலே குடிலுக்குப் போய் நின்றேன். நெருப்பில் என் கோப்பையை வைத்தேன், காபி கொதித்தது, கையுறையோடு எடுத்தேன். ரெய்னோ விளக்கைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருகிறான், எதற்குத் தெரியுமா, புதுப் பனியில் காபி சிந்தினால் மறைக்க முடியாதே, பழுப்புப் பொட்டு விழுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருகிறான். குடில் கூட்டாளி குஸ்தி சும்மா இருப்பானா, "மச்சானும் மச்சானும் கல்யாண ஊர்வலமா போறீங்க, பொண்ணு எங்கப்பா?" என்று குடில் வாசலிலிருந்து கத்தினான். நான் திரும்பவே இல்லை, எண்ணிக்கொண்டே நடந்தேன், முந்நூற்று நாற்பது எட்டு. கை ஆடியது, கோப்பை ஆடியது, உள்ளே காபி ஏரி அலை மாதிரி அடித்தது, மூடி மட்டும் அசையவில்லை. மேடைக்குக் கீழே வந்ததும் கோப்பையை அவனிடம் நீட்டினேன். திறக்க முடியாமல் இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு நெம்பித் திறந்தான், ஆவி மூஞ்சியில் அடித்தது, எட்டிப் பார்த்தான், நிறைய இருந்தது. வந்த வழியில் விளக்கைக் காட்டி இன்னொரு தடவையும் பார்த்தான். வெள்ளை மாறாத பனி. "ஏறுங்க மச்சான், விடியப் போகுது" என்றான். எனக்கு அது போதும். ஒன்பதரை மணிக்கு ஒரு கொம்பன் வந்தது, ஒரே குண்டு. கால் கறி ஹெல்மிக்குக் கொடுத்தாயிற்று.

கடைசி நாள் சாமான் கட்டும்போது ரெய்னோ தன் கோப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "இதுக்கும் ஒரு மூடி. நடுக்கத்துக்கெல்லாம் இல்ல மச்சான், தூசி விழுது" என்றான். தூசிதான் என்று நானும் சொன்னேன். அவனை ஒன்றும் கேட்டுவிடாதே.

ஆகவே மகளே, அந்த அறையைப் பிள்ளைகளுக்குக் கொடு. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், கோபித்தாலும் இரண்டு நாளில் தெளிந்துவிடுவாய், உன் அம்மாவின் குணம். பிப்ரவரியில் மூன்று வாரம் வந்து பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன், அதனால் டிக்கெட் எடுக்கும்போது போகவும் வரவும் சேர்த்தே எடு, மறந்துவிடாதே. பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். வெயிலில் தொப்பி போடாமல் அலையாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வயிறும் மனசும் நிறைந்து இருங்கள். ஹெல்மி என் பெயரைத் தானே எழுதிவிடுவதாகச் சொல்கிறாள், வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். வெட்டிய மரக்கட்டையில் அடையாளத்துக்கு வைக்கிற என் குறியை நானே போடுகிறேன், கோடு ஆடியிருக்கும், ஆனால் என்னுடையது.

இப்படிக்கு உன் அப்பா ஆர்வோ,
X||