அப்பா அதைக் காற்று என்கிறார்

குனோங் ராபாட்,
வியாழன் இரவு

அன்புள்ள பமேலா அக்கா,

டர்பனில் நீ நோய்நொடியில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அம்மா எழுதிய கடிதமும் இதே பார்சலில் இருக்கிறது. அதை நம்பாதே அக்கா. அம்மாவுக்கே விஷயம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சிலிபின் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது அப்பா வேனைச் சட்டென்று ஓரமாக நிறுத்திவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை, இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார், பின்னால் பிள்ளைகள் லேட்டாச்சு அங்கிள் என்று கத்துகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வெறும் காத்துலா மெலிண்டா, அம்மாகிட்ட வாயத் தொறக்காத என்றார். நேற்று காலில் சப்பாத்து மாட்டக் குனிந்தபோது மறுபடியும் வந்தது. தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் காலையில் சாப்பிடுவதில்லை. பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்று உறையில் எழுதியிருக்கிறதாம், அதனால் அதையும் நிறுத்திவிட்டார். கேட்டால், ஒருசந்தி நோன்பு இருக்கறவன் மாத்திரைக்காக ரொட்டி திங்கறதா என்கிறார்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ எழுதியதை எல்லாருக்கும் பெருமையாகப் படித்துக் காட்டினார். அங்கே சூலு மக்களுக்கு இரத்த அழுத்தத்தால் இதயம் வீங்குவதுதான் அதிகம் என்பதோடு நிறுத்திவிட்டார். ஆப்பிரிக்கா வியாதி ஆப்பிரிக்காக்காரனுக்குலா, நமக்கென்ன என்று சிரித்தார். அடுத்த பக்கத்தை நான் படித்தேன். அந்தக் காலத்தில் அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு நாற்பது வயதிலேயே இரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தானே அக்கா. அவருக்கு நாற்பத்தெட்டு.

அம்மாவிடம் சொன்னால் தைலம் தேய்த்துவிடுவார், அவ்வளவுதான். எனக்குக் கைப்பேசி இல்லை, அப்பாவின் போனில் பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கடை சலாஹுதீன் மாமா தன் மகளைப் பார்க்க நாளைக்கு டர்பனுக்கு விமானம் ஏறுகிறார், அதனால் அவர் கையில் கொடுத்தனுப்பும் பார்சலைப் பிரித்து இதை உள்ளே வைக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு கேட்கிறது. கேட்காதபோது பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். நாளைக்கும் அவர் வேன் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பிரேக் எது என்றுகூடச் சரியாகத் தெரியாது.

கிடைத்தவுடன் போன் செய். மாத்திரையைப் போடச் சொல், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல். நீ சொன்னால்தான் கேட்பார். நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் காக்கட்டும். நான் சொன்னேன் என்று சொல்லாதே என எழுத நினைத்தேன். வேண்டாம், சொல்லிவிடு. அப்பா என்னை ஏசட்டும். ஏசுவதற்கு அவர் இருந்தால் போதும்.

உன் தங்கை
மெலிண்டா