முப்பது இஞ்ச் மேடை

என் செல்ல மெர்சி அக்கா,

நேற்று பல்லடத்தில் ஒரு சமையலறையை முடித்துக் கொடுத்தேன். உன்னிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. அளவெடுத்தது நான், எந்தப் பலகையை எந்த அளவில் அறுப்பது என்று கட்டிங் லிஸ்ட் போட்டதும் நான். நீ கண்ணை மூடிய பிறகு முதல் முறையாக, முழுக்க முழுக்க நானே.

கணபதி ஏரியாவில் இருக்கும் நம் பட்டறையில் எப்போதும் நீ அளந்து எழுதுவாய், நான் பலகை அறுப்பேன். இத்தனை மாதமும், யாராவது அளந்து கொடுத்தால் அறுத்துத் தருகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அந்தப் பல்லடத்து வீட்டுச் சரஸ்வதியம்மாவிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு விபத்துக்குப் பின் அவர் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார்.

"ஒக்காந்துட்டே சமைக்கற மாதிரி ஒரு மேடை வேணுமுங்க" என்றார்.

"நாந்தான் ஆக்கிப் போடறனே, உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் அவர் கணவர்.

"ஒரு வருசமா உங்க ரசத்தைக் குடிக்கறனுங்க. போதுமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே டேப்பை வெளியே எடுத்துவிட்டேன்.

வழக்கமான உயரம் அவருக்கு நெஞ்சுவரை வந்தது. இரண்டு முக்காலிமேல் ஒரு பலகையைப் போட்டு, கட்டைகளை வைத்தும் எடுத்தும் பார்த்தேன். கத்தியைக் கொடுத்து வெங்காயம் நறுக்கச் சொன்னேன். "இன்னுங் கொஞ்சம் எறக்கு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பது இஞ்சில் அவர் தோள் தளர்ந்தது. முழங்கால் நுழைய மேடைக்கு அடியில் நடுவே பெட்டியே வைக்காமல் காலியாக விட்டு, இரண்டு பக்கமும் இழுப்பறையும் தட்டும் வருவதாகக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டறையில் முதல் பிளைவுட்டை ஏற்றி, மிஷினை ஓடவிட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. பெட்டியின் வெளி அகலம் இருபத்துநான்கு இஞ்ச். உள்ளே போகும் தட்டுக்கும் இருபத்துநான்கு என்றே எழுதியிருந்தேன். இரண்டு பக்கப் பலகையின் கனம் முக்கால், முக்கால், ஆக ஒன்றரை இஞ்சைக் கழிக்கவே இல்லை. மிஷினை அணைத்தேன். தரையில் உட்கார்ந்து அத்தனை துண்டையும் முதலிலிருந்து எழுதினேன். உனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா அக்கா? நேர்ந்திருந்தால் ஏன் சொல்லவே இல்லை?

நேற்று எல்லாம் அளவாகப் பொருந்தின, ஒரு பலகையைக்கூட இழைத்துக் குறைக்க வேண்டி வரவில்லை. மேலே மேடைக் கல் உட்கார்ந்ததும் சரஸ்வதியம்மா நாற்காலியை நேராக உள்ளே விட்டார். முழங்கால் இடிக்கவில்லை. கையை நீட்டி அடுப்பைப் பற்றவைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் வெளியில இருங்க" என்றார்.

வெளியே நின்றோம். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது. அவர் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இனி என்னைய உள்ள உடமாட்டா போலருக்குதுங்க அம்மணி" என்றார். அக்கா, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது உன் வீட்டுச் சமையலறைதான். ஊரார் வீட்டுக்கெல்லாம் செய்துவிட்டு அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். மாமாவைக் கேட்டேன். "செய் கண்ணு" என்றார். ஆனால் நீ போட்டு வைத்திருக்கும் அளவெல்லாம் உன் உயரத்துக்கு. இப்போது அங்கே நின்று சமைப்பது மாமா. உன்னைவிட முக்கால் அடி உயரம். உன் அளவிலேயே விடட்டுமா, உயர்த்தட்டுமா?

சனிக்கிழமை மாமாவை நிற்கவைத்து அளக்கப் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் குனியாமல் சமைப்பார். அது என் பொறுப்பு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ஜெசிந்தா