மலரின் கல்லீரல் வளர்ந்துவிட்டது, அக்கா

என் உயிரான அக்கா,

வளர்ந்துவிட்டது! மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தேன். தோளில் இருக்கும் பையைக்கூட இறக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

நீ கண்மூடிய பிறகு உன் மகன் குமரனின் கல்லீரல் கெட்டுப்போனது. என் மகள் மலர் தன்னுடையதில் பாதிக்கு மேல் கொடுத்தாள். "அண்ணனுக்குத்தானேம்மா" என்றாள், ஏதோ குடையை இரவல் கொடுப்பவளைப் போல. பயந்தது நான்தான். உன் பிள்ளையைக் காப்பாற்றப் போய் என் பிள்ளையை இழந்துவிடுவேனோ? இதை வேறு யாரிடம் சொல்ல முடியும்?

வெளியே தைரியசாலியாக நடித்தேன். உயிரியல் வகுப்பில் மாணவர்களுக்குக் காலமெல்லாம் சொன்னதையே இவர்கள் இருவருக்கும் சொன்னேன்: "பல்லிவால் மாதிரி, வெட்டின இடத்துல திரும்ப முளைக்கும்."

இன்று மூன்றாம் மாத ஸ்கேன். குமரனும் கூட வந்திருந்தான். திரையில் பார்க்கிறேன், மலரின் வெட்டுப்பட்ட வலப்பக்கத்தில் ஒன்றுமே முளைக்கவில்லை. உடனே டாக்டரிடம் கேட்டேன்.

"ஏன் டாக்டர் வளரல?"

"யார் சொன்னா வளரலன்னு? வெட்டின துண்டு திரும்ப முளைக்காது ஆன்டி. மிச்சம் இருக்கற இடப்பக்கந்தான் பெருசாகும். பாருங்க, தேவையான அளவுக்கு வந்துருச்சு!"

மலர் விடுவாளா? "இத்தன வருஷமா பல்லிவால் கதை சொல்லி ஏமாத்திட்டீங்களே லா! ஸ்டூடன்ட்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு மன்னிப்பு கேளுங்க."

"சின்னம்மாவ விடு லா. பல்லிகிட்ட மட்டும் கேட்டா போதும்" என்றான் குமரன்.

தப்பான உதாரணந்தான், ஒப்புக்கொள்கிறேன். சரியான உதாரணம் நம் கிள்ளான் வீட்டிலேயே இருந்தது. தீபாவளிக்கு அம்மா ஒவ்வொரு துணியிலும் இரண்டு பாவாடை தைப்பாரே, நினைவிருக்கிறதா? கட்டில் நடுவில் ஜோடி ஜோடியாக அடுக்கி, ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. யாருக்கும் ஒன்றுகூடக் குறையாது.

மைட்டோசிஸும், அதாவது உயிரணு இரண்டாகப் பிரிவதும், அப்படித்தான் அக்கா! சும்மா இருந்த உயிரணு, குறை வந்ததும் விழித்துக்கொள்கிறது. முதலில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நகல் எடுக்கிறது. ஒட்டியிருக்கும் ஜோடிகள் நடுவில் வரிசையாக நிற்கின்றன. இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் இழுக்க, ஜோடியில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பிறகு பாவாடை நாடாவை இறுக்குவது போல உயிரணுவின் இடுப்பு சுருங்கிச் சுருங்கி, ஒன்று இரண்டாகிவிடுகிறது. செடியின் உயிரணு நடுவில் சுவர் எழுப்பிப் பிரியும். நம்முடையதற்குச் சுவரே வேண்டாம்.

நான் தூங்காமல் புரண்ட நாட்களிலெல்லாம் மலருக்குள் இந்த வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது!

குமரனுக்குள் வைத்த துண்டும் இப்படியே பெருகியிருக்கிறது. ரயிலில் வரும்போதுதான் சட்டென்று உறைத்தது. அந்தத் துண்டின் உயிரணுக்களில் இருப்பவை மலரின் குரோமோசோம்கள். அவற்றில் சரிபாதி நான் கொடுத்தவை. நீ பெற்ற பிள்ளைக்குள் என்னுடையதும் நகலாகி நகலாகிப் பெருகியிருக்கிறது, அக்கா! பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்திருப்பேன் போல.

பயத்தில் உன் பிள்ளை, என் பிள்ளை என்று பிரித்து எண்ணிவிட்டேன். பொறுத்துக்கொள். இனி எண்ண மாட்டேன். குமரன் தன் மாத்திரைகளை ஒரு வேளையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்வேன். அவன் முறைத்தாலும் விட மாட்டேன்.

குமரனுக்கும் மலருக்கும் அம்மாவான
உன் தங்கை