உறைக்குள் ஒரு ஃபியூஸ்

அன்பு மருமகனே,

நீ போனை எடுப்பதில்லை என்பதால் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பட்டம் வாங்குமுன் கடற்கரைச் சாலை முழுக்கச் சுற்றப்போகிறோம் என்று நீயும் உன் நண்பனும் கேட்டதால்தான், விமானத்தையே முந்துகிற என் காரைக் கொடுத்தேன். பாதி வழியில் அவனோடு சண்டை போட்டுவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

கார் கிளம்பவில்லை என்று அவன் கூப்பிட்டதும் பறந்து வந்தேன். ஏழாம் வகுப்போடு நின்ற நான் தொட்டால் கப்பலே கிளம்பும், கார் கிளம்பாதா? தொட்டதும் உறுமியது.

“அவன் வீடு போய்ச் சேந்துட்டானா மாமா?” என்றான் உன் நண்பன். காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இஞ்சினை அணைத்தேன். “ஒரு ஃபியூஸ் வேணும்டா. இங்க கிடைக்காது, என் மருமகன்தான் கொண்டு வரணும்.”

“இதென்ன ராக்கெட்டா மாமா?”

“ராக்கெட்டுக்குக் கிடைக்கும்டா. இதுக்குக் கிடைக்காது.”

உறைக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்காதே. அடுத்த பஸ்ஸில் வந்து நீயே மாட்டு. நான் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

நான் அதைக் கழற்றியபோது அவன் பார்த்துவிட்டான். பார்க்காதவன்போல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கப்பலையும் கிளப்பும்
உன் தாய்மாமன்