அரளி இலையும் அத்தையின் உயிரும்

மார்ச் 3

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று ஈ ஓட்டினேன். வீட்டில்தான் அமர்க்களம். பால்கனித் தொட்டியில் என் மாமியார் வளர்க்கும் நந்தியாவட்டை பாதி மொட்டை. மாடிக்குத் துணி காயப்போட வந்த கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மாதான் பறித்திருக்கிறார் என்பது அத்தையின் தீர்ப்பு.

"இலையைப் பறிச்சு என்ன பண்ணுவாங்க அத்தை?"

"வயித்தெரிச்சலுக்குக் காரணம் வேற வேணுமாக்கும்."

மார்ச் 4

திருடனைப் பார்த்துவிட்டேன். விரல் தடிமனில் பச்சைப் புழு. தலைக்குப் பின்னால் நீலக் கண் இரண்டு. வெறும் புள்ளிதான், ஆனால் முறைக்கிறது. இத்தனை வருடம் கண்ணாடி விற்கிறேன், இப்படியொரு ஜோடிக் கண் என் கடைக்கு வந்ததில்லை.

அத்தையிடம் சொல்லவில்லை. அவர் கீழ்வீட்டைத் திட்டும்வரை எனக்கு விடுமுறை.

மார்ச் 6

விடுமுறை முடிந்தது. அத்தை படிக்கட்டில் நின்று "திருடி" என்றே சொல்லிவிட்டார்.

"அப்ப திருடி வீட்டுல உங்களுக்கு என்ன வேலை? மாசக் கடைசியில காலி பண்ணுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

அத்தையை இழுத்துப்போய் இலையைத் திருப்பிக் காட்டினேன். நசுக்கிவிடுவார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி முறைக்குதேடி."

கீழே போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் என்னால ஆகாது. பெட்டியக் கட்டு."

மார்ச் 8

செடியில் இலை தீர்ந்துவிட்டது. ராஜா வெறும் தண்டில் தலையைத் தூக்கித் தூக்கித் தேடுகிறார். இந்த வகைப் புழு அரளி இலையும் தின்னுமாம், என் கணவர் போனில் பார்த்துச் சொன்னார். அரளி இருப்பது வீட்டுக்கார அம்மாவின் வாசலில்.

"நீ போ. மாட்டினா உன்னை எனக்குத் தெரியாது" என்றார் அத்தை.

போனேன். இப்போது உண்மையாகவே இலைத் திருட்டு.

மார்ச் 10

இன்றும் பறித்தேன். கீழ்வீட்டு ஜன்னல் திரை அசைந்ததோ?

மார்ச் 11

கடையிலிருந்து வந்தால், எங்கள் கூடத்தில் வீட்டுக்கார அம்மா. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உங்க மேல எனக்குக் கோவம்தான். அதுக்காகச் சாக விட முடியுமா? உங்க மருமக தினம் ஒளிஞ்சு ஒளிஞ்சு அரளி இலை பறிக்கிறா. அது விஷம். அவ கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீங்க."

அத்தை அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? என்னைப் பார்த்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"அதான் ரெண்டு நாளா கரிக்குது."

பாவி!

போலீஸைக் கூப்பிட அந்த அம்மா போனை எடுத்த பிறகுதான் அத்தைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பால்கனிக்குக் கூட்டிப்போய் ராஜாவைக் காட்டினோம். அரளியை மென்றுகொண்டிருந்தார், ஒரு கேடும் இல்லாமல்.

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்களைப் போயி திருடின்னுட்டேன்" என்றார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு குரலில் அவர் பேசிக் கேட்டதில்லை.

வீட்டுக்கார அம்மா ராஜாவின் பக்கம் குனிந்தார். "தளிரா பறிச்சுக் குடுங்க, முத்தின இலையா குடுக்கறீங்களே" என்றார்.

மார்ச் 15

புழு பழுப்பாகி, தொட்டிச் சருகுக்குள் போய்க் கூட்டுப்புழுவானது. தொட்டிக்குக் காவல் அத்தையும் வீட்டுக்கார அம்மாவும். காலி பண்ணும் பேச்சே இல்லை.

மார்ச் 31

அந்தி மங்கும்போது பூச்சியாகி வெளியே வந்தது. பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சிறகு. கம்பியில் தொங்கி உலர்ந்து, கிளம்பிப் போய்விட்டது. இரண்டு பேரும் கீழே இறங்கிப் போனார்கள்.

அத்தைக்குச் சாப்பாடு வேண்டாமாம், கீழேயே ஆயிற்றாம். நானும் கணவரும் மட்டும் உட்கார்ந்தோம். உப்பு அதிகம் என்று சொல்ல ஆளில்லை. அதுதான் நன்றாக இல்லை.