அடுப்பண்டை உட்காராதே

என் அப்பாவுக்கு, உங்கள் மகள் தனம் மனசு நிறைந்த அன்போடு எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு வரும் முதல் மார்கழி இது. அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலியோடு கோலம் போட்டுவிட்டு அந்தக் கோபத்தை என்மேல் காட்டுகிறாள். பாத்திரம் துலக்க இன்னமும் சோப்புத்தூள்தான். சாம்பலைக் கையால் தொடுவதில்லை. தம்பி செல்வமும் எங்களோடு அரும்பாவூரில்தான் இருக்கிறான். மீசை அடர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தானை மட்டும் மேலும் கீழுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறான்.

அப்பா, உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். "செல்வத்தக் காட்டி யாருகிட்டயும் கதை சொல்லாத தாயி. அவன் என்ன வேடிக்கைப் பொருளா?" என்று கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே. சரிப்பா என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன்.

பெரம்பலூரில் நாம் இருந்த காலம் எனக்கு மறக்கவில்லை. திருச்சி ரோட்டில் லாரி பேட்டரி கடையில் உங்களுக்கு வேலை. பழைய பேட்டரியை உடைத்து ஈயத் தகடுகளை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பெட்டியை முதலாளி சும்மா கொடுத்துவிடுவார். நீங்கள் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவீர்கள். வெந்நீர் அடுப்பில் ஒரு துண்டு போட்டால் ஈர விறகுகூடப் பற்றிக்கொள்ளும். அம்மா அந்தச் சாம்பலைச் சலித்துக் கொட்டாங்கச்சியில் வைப்பாள். அதில்தான் பாத்திரம் துலக்கினோம், பல்லும் தேய்த்தோம். செல்வத்துக்கு அப்போது ஐந்து வயசு. குளிருக்கு அந்த அடுப்பை விட்டு நகரமாட்டான். தெருவில் போகிற ஒருவரையும் கூப்பிட்டுப் பேசாமல் விடமாட்டான்.

வயிற்றுவலி என்றான், பூச்சி என்றோம். சோற்றைத் தள்ளினான், திருஷ்டி கழித்தோம். வலிப்பு வந்த பிறகுதான் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார். பதில் சொன்ன பிறகு நீங்கள் பழைய அப்பாவாக இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்து புகையிலும் சாம்பலிலும் கலந்த ஈயம் அவன் உடம்பில் ஏறிவிட்டது, சின்னப் பிள்ளைகளுக்கு அது மூளையைத்தான் கெடுக்கும் என்று அவர் விளக்கினார். உயிர் தப்பியது. பேச்சும் படிப்பும் முழுசாகத் திரும்பி வரவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த பெட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தீர்கள். பிறகு வெறும் விறகு எரிந்தபோதும் அவன் அடுப்புப் பக்கம் போனால் கத்துவீர்கள். நீங்கள் அவனிடம் குரலை உயர்த்தியது அதற்கு மட்டும்தான். வேலையையும் விட்டுவிட்டீர்கள். ஏன் விட்டீர்கள் என்று கடையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கமா அப்பா, இல்லை பயமா? கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

என் பால்வாடியில் ராணி என்று நாலு வயசுக் குழந்தை. போன மாதம் அவள் விளையாட்டை நிறுத்தினாள். பிறகு மதியச் சாப்பாட்டை ஒதுக்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு படுத்தாள். அவள் அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று விசாரித்தேன். பெரம்பலூரில் பேட்டரி கடை என்றார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். வெந்நீர் அடுப்பில் அதே கறுப்புத் துண்டு எரிந்துகொண்டிருந்தது. சுவர்மேல் கொட்டாங்கச்சியில் சலித்த சாம்பல். ராணியின் அம்மா அஞ்சலை என்னை மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள்.

"வயித்துல பூச்சிங்க டீச்சர். வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்திருக்கேன், சரியாப் போயிடும்."

"இந்தப் புகைதாங்க கெடுதல். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இந்தத் தெருவே எரிக்குதுங்க. யாருக்கு என்ன ஆயிடுச்சு?"

நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். யாருக்கு என்ன ஆனது என்று காட்ட என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான். உங்கள் வார்த்தையைக் காப்பாற்றினால் அந்தப் பிள்ளையை யார் காப்பாற்றுவது?

மறுநாள் காலையில் செல்வத்தையே கேட்டேன். "என்கூட ஒரு வூட்டுக்கு வரியா?"

"காப்பி குடுப்பாங்களா?" என்றான்.

போனோம். அடுப்புக்குப் பக்கத்தில் ராணி குளிருக்குக் குந்தியிருந்தாள். நான் பேச்சை எப்படித் தொடங்குவது என்று திணறிக்கொண்டிருந்தபோது செல்வம் நேராக அவளிடம் போனான். கறுப்புத் துண்டைக் கண்டதும் அவன் முகம் மாறியது. குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"அங்க உக்காராத பாப்பா. எந்திரி. அப்பா திட்டும்."

உங்கள் குரல் அப்பா. அதே அதட்டல். இத்தனை வருஷம் அவனுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அஞ்சலை அவன் முகத்தையும் கோணல் பொத்தானையும் பார்த்தாள். "பொறந்ததுலேருந்தே இப்படிங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லீங்க. அஞ்சு வயசு வரைக்கும் என்னைவிட வாயாடி. எங்க வூட்டு அடுப்புலயும் இதே பெட்டிதான் எரிஞ்சுது."

அவள் தவலையிலிருந்த தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். மறுநாள் திருச்சி பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் போனோம். ராணியின் அப்பா வழிநெடுகத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைப் பார்க்க எனக்கு உங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. குழந்தையை வார்டில் சேர்த்திருக்கிறார்கள். வலிப்பு வருவதற்கு முன்னாலேயே கொண்டுவந்தது நல்லது என்றார் டாக்டர். முழுசாகத் தேறிவிடுமா என்றேன். பார்க்கலாம் என்றார். நேற்றுப் போனபோது ராணி என்னிடம் பிஸ்கட் கேட்டாள். வெளியே வந்து அழுதேன்.

அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளில் அந்தப் பெட்டி எரிகிறது. ஒரு வீடு விடாமல் போகப்போகிறேன். செல்வம் வருகிறேன் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். அவனை யாரும் வேடிக்கை பார்க்க விடமாட்டேன், இது சத்தியம். நீங்கள் வெளியே ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை உங்கள் பிள்ளை சொல்லத் தொடங்கிவிட்டான் அப்பா. இனி நான் அவனைத் தடுக்கமாட்டேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
செல்வத்தின் அக்கா,
தனம்