நீங்கள் மாட்டிய குழாய்கள்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அக்கா பாப்பாவை அழைத்து வருவார், வீட்டிலேயே இருங்கள்.

நேற்றைய சண்டையில், "ஸ்கூல் நல்லதா கெட்டதான்னு தெரியணுமா? கக்கூசைப் போய்ப் பாரு. நான் பைப் மாட்டி ஒரு வருஷமாச்சு, இன்னும் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு" என்று கத்தினீர்களே. இன்று காலை பாப்பா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைப் பள்ளியில் கொடுக்கப் போனபோது பார்த்தேன். பளபளவென்றுதான் இருக்கிறது, ஜன்னல் வழியாக. கதவில் பூட்டு.

பள்ளி ஆயாவைக் கேட்டேன். "பசங்க நாசம் பண்ணிடுவாங்கம்மா. ஸ்கூலுக்கு மார்க் போட அதிகாரிங்க வந்தா மட்டும்தான் திறப்போம்" என்றார், வெகு சாதாரணமாக. அப்போ பிள்ளைகள்? பாப்பாவோடு படிக்கும் சிறுமி சொன்னாள்: "நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம் ஆன்ட்டி."

யாரும் திறக்காத குழாய்தான் புதிதாகவே இருக்கும் என்று குழாய் வேலை பார்க்கிற உங்களுக்குத் தோன்றவில்லையே! பாப்பாவின் பாட்டிலில் தண்ணீர் தினமும் அப்படியே திரும்பி வந்தும் எனக்கும்தான் உறைக்கவில்லை.

நானும் நாலைந்து அம்மாக்களும் தலைமையாசிரியையைப் பார்க்கப் போகிறோம். பூட்டைத் திறக்காமல் நகர மாட்டோம்.

பி.கு.: உங்கள் மேல் கோபமில்லை. ஸ்பேனரோடு கிளம்பி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பாப்பா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். "என்னடி, ரயிலா கிளம்பப் போகுது?" என்று தினமும் சிரிப்போமே, இன்றைக்குச் சிரிக்காதீர்கள்.